உயிர்ப்படகுக்குத் தொண்ணூறு புள்ளி

கரமனை, திருவனந்தபுரம்
4 மார்ச் 2024

அன்புள்ள சங்கருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி என்று முதலில் எழுது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. ஆனாலும் ஆரியசாலைக் கடைக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார். மிளகாய்ச் சாக்கு வந்து இறங்கும் நாட்களில் வீட்டுக்கு வந்தும் தும்முகிறார்.

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்று "சாப்பிட்டானான்னு கேளு" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், நாம் பேசிக்கொள்வதே இல்லை. நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது எழுதிக்கொண்டது மாதிரி மறுபடியும் எழுதலாம் என்று நினைத்தேன். சாண்டோஸ் துறைமுகத்தில் உங்கள் ஏஜெண்டின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். நீங்கள் போய்ச் சேருவதற்குள் வந்துவிடும்.

எனக்கு ஆபீசில் புது வேலை. விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்று செய்கிறோம். விளையாடுகிறவர்கள் தங்கள் போர்க்கப்பலைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கப்பலுக்கு ஆயிரம் புள்ளி. அதற்குள் இன்ஜின், எரிபொருள், கவசம், பீரங்கி, ஆட்கள் எல்லாம் அடங்க வேண்டும். எதற்கு எவ்வளவு விலை என்று முடிவு செய்வது நான். கேட்க எளிதாக இருக்கும். கவசத்தைக் கூட்டினால் எடை கூடுகிறது, எடை கூடினால் பெரிய இன்ஜின், பெரிய இன்ஜினுக்கு அதிக எரிபொருள், அந்த எரிபொருளும் ஒரு எடை. ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடுகிறது. ஒரு மாதமாக இதிலேயே கிடக்கிறேன்.

நீ நிஜக் கப்பலில் இருக்கிறவன். பணம் போதாதபோது உண்மையில் எதில் கை வைப்பார்கள்? உன் இன்ஜின் அறைக்காரர்களிடமும் கேள். உன்னோடு வேலை செய்யும் அந்த வித்துராக்காரர் யோசுவா நலமா? அவர் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய குருமிளகு இன்னும் தீரவில்லை என்று சொல்.

அம்மா உனக்குத் திருநீறு வைத்து அனுப்பச் சொன்னாள். உறைக்குள் இருக்கிறது. பிரிக்கும்போது கவனம்.

உன் அக்கா,
திவ்யா


சாண்டோஸ்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கர் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். திருநீறு பாதிதான் வந்து சேர்ந்தது. மீதி ஏஜெண்டின் கோட்டில்.

உன் கேள்விக்குப் பதில். முதலில் பெயிண்டில் கை வைப்பார்கள். அப்புறம் சாப்பாட்டில். அப்புறம் ஆட்களில்: நாலு பேர் வேலையை மூன்று பேர். கடைசியில் பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடுவார்கள். அது செலவைக் குறைத்த மாதிரியே தெரியாது. அதுதான் அதில் உள்ள வசதி.

உன் ஆட்டத்தில் சூட்டை யோசித்தாயா? இன்ஜினை ஓட்டுவது பெரிய காரியமில்லை. அதைக் குளிர வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்களுக்குச் சுற்றிலும் கடல் இருக்கிறது. உன் கப்பலுக்குச் சுற்றிலும் ஒன்றுமில்லை. பீரங்கி சுடும்போது வரும் சூட்டை வெளியே தள்ளப் பெரிய பெரிய பலகைகள் வேண்டும். அவற்றுக்குக் கவசம் போட முடியாது, போட்டால் சூடு போகாது. எதிரி முதலில் அதைத்தான் அடிப்பான். பலகையைச் சின்னதாக்கினால் உயிர் தப்பும், ஆனால் இரண்டு தடவை சுட்டுவிட்டு ஆற வேண்டும். விளையாடுகிறவன் மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

யோசுவா உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அவர் எங்கள் ஃபிட்டர். எது உடைந்தாலும் அவர்தான் பற்றவைக்க வேண்டும். ஆயிரம் புள்ளிக் கணக்கை ரொம்ப சீரியசாக எடுத்துக்கொண்டுவிட்டார். முதல் கேள்வி, "சாரே, அதுல சமையக்காரன் உண்டா?" இல்லை என்றேன். "அப்ப யாரும் சண்டை போடமாட்டான்" என்றார். அப்புறம், "தப்பிச்சுப் போறதுக்கு படகு உண்டா?" என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். "அக்காட்ட சொல்லுங்க, ஆளை ஏத்தினா ஆளை இறக்கவும் ஒரு வழி வேணும். நான் படகு மேலதான் எப்பவும் ஒரு கண்ணு வைப்பேன்."

அடுத்தது டர்பன். ஜூன் நடுவில் போய்ச் சேருவோம். அங்கே மாலுமிகள் மையத்தின் முகவரி கீழே இருக்கிறது. அப்பாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

உன் தம்பி,
சங்கர்


கரமனை
2 மே 2024

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் கண்டு எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டில் எல்லாம் சுகமாகப் போகிறது. வெயில் மட்டும் தாங்க முடியவில்லை. அம்மா உன்னிடம் தனியாகக் கேட்கச் சொன்னது: எப்போது லீவு?

நீ சொன்ன சூட்டுப் பலகை கப்பலில் ஏறிவிட்டது. ஆட்டமே மாறிப்போனது. ஆபீசில் என்னை ஏதோ பெரிய எஞ்சினியர் மாதிரி பார்க்கிறார்கள். யோசுவாவின் படகையும் சேர்த்தேன். உயிர்ப்படகுக்குத் தொண்ணூறு புள்ளி. அதில்தான் தகராறு.

பரிசோதனைக்கு விளையாடுகிறவர்கள் முதல் வேலையாகப் படகைக் கழற்றிவிட்டு அந்தத் தொண்ணூறில் ஒரு பீரங்கி வாங்குகிறார்கள். என் மேலதிகாரி ஸ்ரீஜித் உனக்குத் தெரியுமல்லவா, பாதி தமிழ் பாதி மலையாளத்தில் பேசுவானே, அவன் சொன்னான்: "சேச்சி, ஜெயிக்கான் வந்தவன் எதுக்கு ஓடிப்போற படகை வாங்குவான்? எடுத்துக் களையாம்."

"உள்ளே ஆட்கள் இருக்காங்க ஸ்ரீஜித்."

"உள்ளே நம்பர்தான் இருக்கு சேச்சி."

நான் விடவில்லை. படகில் தப்பிக்கும் ஆட்கள் தங்கள் அனுபவத்தோடு அடுத்த கப்பலுக்கு வருவார்கள் என்று ஒரு விதி எழுதினேன். படகு இல்லாத கப்பல் உடைந்தால் அடுத்த சண்டையில் எல்லோரும் புதியவர்கள், குறி தவறும், தீயை அணைக்கத் தெரியாது. இப்போது கொஞ்சம் பேர் படகை வைத்துக்கொள்கிறார்கள். ஸ்ரீஜித் ஜூலை வரை டைம் கொடுத்திருக்கிறான்.

யோசுவாவிடம் சொல், அவர் படகு கப்பலில் இருக்கிறது என்று. சமையல்காரனுக்கும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
திவ்யா


டர்பன்
26 ஜூன் 2024

அக்காவுக்கு,

நலம். உன் மே மாதக் கடிதம் மையத்தில் கிடைத்தது.

படகை எடுத்துவிடு. தொண்ணூறு புள்ளியும் வீண். கவசத்தில் போடு. அவ்வளவு உயரத்திலிருந்து தொங்கும் ஒரு பொருள் எடைதான், வேறொன்றுமில்லை. ஸ்ரீஜித் சொல்வது சரி.

இங்கே குளிர்காலம். கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. எப்போது புறப்படும் என்று தெரியாது. அம்மாவிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்.

சங்கர்


கரமனை
10 ஜூலை 2024

அன்புள்ள சங்கர்,

உடம்பு சரியில்லையா? உள்ளதை எழுது. இங்கே எங்களுக்கு ஒன்றுமில்லை, மழை பிடித்துக்கொண்டது, கிழக்கேகோட்டையில் முழங்கால் அளவு தண்ணீர், அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

மூன்று வாரமாக அம்மாவுக்கு "சாப்பிட்டேன்" என்று ஒரே ஒரு செய்திதான் தினமும் வருகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. இப்போது இந்தக் கடிதம். ஏப்ரலில் அத்தனை பக்கம் எழுதியவன்.

படகை எடுக்கச் சொல்கிறாய். ஏன் என்று சொல்லவில்லை. உயிர்ப்படகு எடைதான் என்று கப்பல்காரனே எழுதினால் நான் என்ன நினைக்க? நான் ஸ்ரீஜித்தோடு இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறது.

யோசுவாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படகு விஷயத்தைச் சொன்னாயா? என்ன சொன்னார்?

பதில் போடு.

திவ்யா


கரமனை
15 ஜூலை 2024

சங்கர்,

முந்தைய கடிதம் உனக்குக் கிடைத்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடு. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

இன்று யோசுவாவின் அப்பா ராஜையன் நம் கடைக்கு வந்தார். குருமிளகு கொடுத்தனுப்பியபோது அப்பாவின் கடை முகவரி அவரிடம் இருந்திருக்கிறது. வித்துராவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, கடை திறக்கும்வரை எதிர்ப்பக்கம் மழையில் நின்றிருக்கிறார். அப்பா எனக்குப் போன் செய்தார். நான் ஆபீசுக்குப் போகும் வழியில் திரும்பி வந்தேன்.

பயிற்சிக்காகப் படகை இறக்கும்போது விழுந்துவிட்டது, யோசுவா போய்விட்டார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்ததாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. விசாரணை முடியாமல் உடலை அனுப்ப முடியாது என்கிறார்களாம்.

அவர் அழவில்லை. அப்பா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "படகு தொங்குற கொக்கிக்கு ஒரு பாதுகாப்பு ஆணி உண்டாம். எம் மவன் அதைப் போடல, அதனாலதான் விழுந்துச்சுன்னு கம்பெனிக்காரங்க சொல்லுதாங்க. உங்க மவன் மேல நின்னு பாத்தான்னு கேள்விப்பட்டேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் கேட்டியளா. அவன் போட்டானா, போடலியா. அது தெரிஞ்சா மதி, அது போதும்."

அப்பா, "அவன் எழுதுவான், எழுதுவான்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நீ இதையெல்லாம் எப்படி ஒரு மாதமாக உள்ளே வைத்துக்கொண்டு "சாப்பிட்டேன்" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன். முடியும்போது எழுது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அக்கா


டர்பன்
24 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதை வழக்கத்துக்கு எழுதவில்லை. கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நன்றாகவே தூங்குகிறேன். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இது. ஜூன் பதினெட்டு, படகுப் பயிற்சி. படகில் மூன்று பேர். யோசுவா முன்பக்கக் கொக்கியிடம். நான் மேல்தளத்தில் விளிம்பில் நின்றேன், இரண்டு ஆள் தூரம். அவர் ஆணியைப் போட்டார். போட்டுவிட்டு ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். படகு கப்பலுக்கு வெளியே போய் ஆடி நின்றது. முன்கொக்கி திறந்துகொண்டது. முன்பக்கம் கீழே போனது, பின்கொக்கியில் கொஞ்ச நேரம் தொங்கியது, அப்புறம் அதுவும் விட்டது. மற்ற இருவரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், பிழைத்துவிடுவார்கள்.

அந்தக் கொக்கி தேய்ந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் சீஃப் எஞ்சினியரிடம் நானே எழுதிக் கொடுத்தேன். அடுத்த பெரிய பழுதுபார்ப்பில் மாற்றலாம் என்று பதில் வந்தது. அது அக்டோபரில். எட்டு மாதம்தானே என்று எங்களுக்கும் தோன்றியது. யோசுவாவுக்கும்தான்.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசுகிறார். "நீங்கள் இன்னும் பல வருடம் கடலில் இருக்க வேண்டியவர். நின்ற இடத்திலிருந்து ஆணி தெரிந்திருக்க வாய்ப்பில்லை, இல்லையா?" என்றார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துறைமுக விசாரணை ஆகஸ்டில். இதுவரை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பயம் என்று நினைக்காதே. பயம் இருந்தால் தெரியும். வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது.

உன் மே மாதக் கடிதம் அவர் போன பிறகுதான் என் கைக்கு வந்தது. அவருடைய படகு கப்பலில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

சங்கர்


கரமனை
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சங்கர்,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் உன் "சாப்பிட்டேன்" வந்த பிறகுதான் தானும் சாப்பிட உட்காருகிறாள்.

நேற்று வித்துராவுக்குப் போனேன். அப்பாவும் வந்தார். சந்தையைத் தாண்டி ஏற்றத்தில் வீடு. யோசுவாவின் மனைவி ஷெமி, கீழே தையல் கடை வைத்திருக்கிறவள், எங்களைப் பார்த்ததும் மிஷினை விட்டு எழுந்தாள். ராஜையன் அவளுக்குப் பின்னால் நின்றார். நீ எழுதியதை நான் அப்படியே சொன்னேன். ஆணியைப் போட்டார், ஆட்டிப் பார்த்தார், கட்டைவிரலைத் தூக்கினார்.

ராஜையன் உள்ளே போய்விட்டார். ஷெமிதான் பேசினாள். "வீட்டுல அவரு எல்லாத்தையும் மறப்பாரு அக்கா. அரிசி வாங்கச் சொன்னா சீனி வாங்கிட்டு வருவாரு. வேலையில மறக்கமாட்டாரு. எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?" மிஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே, "சார்கிட்ட சொல்லுங்க, நிர்பந்தம் ஒண்ணும் இல்ல. அவருக்கும் ஜோலி வேணுமே" என்றாள். இதை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ் முழுக்க யோசித்தேன். அவள் சொன்னாள், நான் எழுதுகிறேன்.

ஆபீஸ் விஷயம். உன் கடிதம் வந்த திங்கட்கிழமையே போய்ப் படகை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. தொண்ணூறு புள்ளியை அப்படியே வைத்துவிட்டு, கூடவே ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் படகைப் பராமரிக்க மூன்று புள்ளி. கட்டாயம் இல்லை. செலவழிக்காவிட்டால் ஆட்டம் எச்சரிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. படகு அங்கேயே தொங்கும். என்றைக்காவது ஒருநாள் வேலை செய்யாது.

ஸ்ரீஜித் பார்த்துவிட்டு, "இது க்ரூரம் சேச்சி. விளையாடுறவன் நம்மளைச் சபிப்பான்" என்றான். சபிக்கட்டும் என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஆட விட்டோம். ஒருவர்கூட அந்த மூன்று புள்ளியைத் தொடர்ந்து செலவழிக்கவில்லை. முதல் இரண்டு பயணம் செய்கிறார்கள், அப்புறம் ஏதாவது அவசரம் வருகிறது. எல்லோரும் போன பிறகு நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். விதியை எழுதியவள் நான். காரணமும் எனக்குத் தெரியும். நாலாவது பயணத்தில் எரிபொருள் குறைந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டுவிட்டேன் என்பது கப்பல் உடைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


டர்பன்
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நேற்று முன்தினம் விசாரணை. ஒரு நீள மேஜை, நாலு பேர், ஒரு ஜன்னல். ஆணியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். நின்ற இடத்திலிருந்து தெரியுமா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். தெரியும், போட்டார், ஆட்டிப் பார்த்தார், என்னிடம் கையைக் காட்டினார் என்றேன். மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டார். நானும் மூன்று தடவை அதையே சொன்னேன். பிப்ரவரியில் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அதற்குப் பிறகு அதிகாரி, கொக்கியைச் சோதித்த முடிவைப் படித்தார். ஆணி இருந்த இடத்தில் நசுங்கிய தடம் இருக்கிறதாம். ஆணி இருந்தும் கொக்கி பிய்த்துக்கொண்டிருக்கிறது. யோசுவாவின் பெயரில் தவறு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ராஜையனிடம் இதை நீ நேரில் போய்ச் சொல்லிவிடு, போனில் வேண்டாம்.

சொல்லி முடித்தால் உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்திருந்தேன். பசித்தது. வெளியே வந்து ரொட்டி வாங்கித் தின்றேன்.

நீ தள்ளிப்போட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் சீஃப் எஞ்சினியர் கெட்டவர் இல்லை. யோசுவா போன அன்று அவர்தான் கீழே இறங்கித் தூக்கினார். அந்த மூன்று புள்ளியை எடுக்காதே. சிவப்பு விளக்கும் வைக்காதே.

என் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். மறுபடி கூப்பிடுவார்களா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். யோசுவாவும் அதே விமானத்தில். இரண்டு மாதத்துக்குப் பிறகு உடலை விட்டார்கள்.

அம்மாவை வருகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதே. அவள் என்னைத் தேடிக்கொண்டு நிற்பாள், நான் அங்கே நிற்க மாட்டேன். வெளியே வந்ததும் நேராகச் சரக்கு வாசலுக்குப் போவேன். அங்கேதான் அவரைக் கொடுப்பார்கள். ராஜையனும் ஷெமியும் அங்கே இருப்பார்கள். அம்மா வருவதானால் அவளையும் அங்கேயே கூட்டிவா. முத்திரை, கையெழுத்து எல்லாம் முடிய ரொம்ப நேரமாகும் என்கிறார்கள், அந்தப் பக்கம் உட்கார இடம் இல்லையாம். ஷெமிக்கு வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவா.

சங்கர்